முதுமையில் முடுகும் துடிமீன்கள்

சுழலுகின்ற எதுவும் நாளடைவில் ஓய்ந்து போகும் என்பதே நாம் கண்டறிந்த இயற்கை. கயிற்றிலிருந்து விடுபட்ட பம்பரம் முதலில் உறங்குவதுபோல் அசைவின்றி நின்று சுழலும், பின்பு தலை ஆடும், முடிவில் சாயும். கிளந்தான் மாநிலத்துப் பெரும் பம்பரங்கள் மணிக்கணக்கில் சுழலும் ஆற்றல் உடையவை. ஆயினும் அவையும் ஒரு பொழுதில் சாய்ந்தே தீரும். விண்ணில் உள்ள துடிமீன்களைப் பற்றியும் வான நூலாருள் பெரும்பாலோர் இப்படியே எண்ணியிருந்தனர். 1982ஆம் ஆண்டின் இறுதியில் கண்ட ஒரு விண்மீன் அவ்வெண்ணத்தைக் கலைத்தது. மூத்து ஓய்ந்திருக்க வேண்டிய ஒன்று, பிறந்த குழவியினும் இருபது மடங்கு வேகத்தோடு சுழன்றுகொண்டிருந்தது. அது எவ்வாறு நிகழும்? இவ்வினாவுக்கு விடை கூறியவர்களுள் ஒருவர் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தவர். அவ்விடை மெய்யே எனக் காட்டும் விண்மீன்களுள் ஒன்றோ, கேமரன் மலையில் ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களின் உச்சியை ஒட்டியே நாள்தோறும் கடந்து செல்கிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் பல்சார் என வழங்குவதைத் தமிழில் துடிமீன் எனலாம். துடிப்பு விண்மீன் என்று எழுதுவோரும் உளர், இரண்டும் தகும். துடிமீன் என்னும்போது இடை சிறுத்த துடி என்னும் பறையும் நினைவுக்கு வருகிறது. ஆதலின் அதுவே எனக்கு உவப்பு. ஆனால் இம்மீன் உண்மையில் சுருங்கி விரிந்து துடிப்பதில்லை. கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை சுற்றி வருகையில் கரையில் நிற்பவனுக்கு விளக்கு விட்டுவிட்டு ஒளிர்வதாகத் தோன்றுமன்றோ? அதுபோன்றதே இதுவும். 1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவியார் கண்ட முதல் துடிமீனின் வானொலி அலை 1.337 வினாடிக்கு ஒரு முறை, தவறாத கடிகாரம் போல் வந்துகொண்டிருந்தது. ஒரு சுழற்சிக்கு ஒரு துடிப்பு என்பது கணக்கு.

இவ்வளவு விரைவாகச் சுழன்றும் சிதறாதிருக்க வேண்டுமாயின் அப்பொருள் மிகச் சிறியதாயும் மிகக் கனமானதாயும் இருத்தல் வேண்டும். நியூட்ரான் விண்மீன் அத்தகையது. பெரிய விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்ததும் அதன் நடுப்பகுதி தன் பாரத்தைத் தாங்க மாட்டாமல் உள்நோக்கி இடிந்து விழுகிறது. வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. இடிந்த நடுப்பகுதியில் அணுக்கள் நசுங்கி, பெரும்பாலும் நியூட்ரான் துகள்களே எஞ்சுகின்றன. ஞாயிற்றினும் மிக்க எடை, இருபது இருபத்து நான்கு கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டைக்குள் அடங்கிவிடுகிறது. கேமரன் மலையின் தென்கோடியில் உள்ள ரிங்லெட்டிலிருந்து வடக்கே கம்போங் ராஜாவுக்கு நேர்கோடு இழுத்தால் வரும் நீளத்தைவிட இது சற்றே மிகுதி, அவ்வளவுதான்.

தாங்கும் பாரத்துக்கு எல்லை உண்டு என்பதை முதலில் கணக்கிட்டுக் கூறியவர்களுள் தலையாயவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. 1930இல், பத்தொன்பது வயதில், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது அவர் தொடங்கிய கணக்கு அது. எல்லை ஞாயிற்றின் எடையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. விண்மீனின் நடுப்பகுதி அதனைக் கடந்தால் இடிந்து விழுவதன்றி வேறு வழி இல்லை.

புதிதாய்ப் பிறந்த நியூட்ரான் விண்மீன் விரைவாகச் சுழலும். உடலை ஒடுக்கினால் சுழற்சி மிகும் என்பது விதி. பெரிய விண்மீன் சிறு உருண்டையாய்ச் சுருங்கும்போது அதன் மெல்லிய சுழற்சி கடுஞ்சுழற்சியாகிறது. 1054ஆம் ஆண்டில் சீனர்கள் பகலிலும் கண்டு எழுதிவைத்த விண்மீன் வெடிப்பின் எச்சம் இன்று நண்டு வடிவப் புகைமண்டலமாகத் தெரிகிறது. அதன் நடுவிலுள்ள துடிமீன் வினாடிக்கு 30 முறை சுழல்கிறது. இத்துடிமீன்களுக்கு மிக வலிய காந்தப்புலம் உண்டு. காந்தத்தைச் சுமந்துகொண்டு சுழலும் பொருள் தன் ஆற்றலை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் வேகம் குறையும். வினாடிக்கு முப்பது என்பது பத்தாகும், ஒன்றாகும். பின் சில வினாடிகளுக்கு ஒன்றாகும். ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளில் வானொலி அலையே நின்றுவிடும். அதன்பின் அது இருப்பதும் நமக்குத் தெரியாது. இளையது விரையும், மூத்தது தளரும், பின்னர் அடங்கும். 1982க்கு முன் இந்தப் பாடம் தெளிவாகவே இருந்தது.

அவ்வாண்டில் டொனால்டு பேக்கர் என்பவரும், அப்போது பெர்க்கிலியில் ஆராய்ச்சி மாணவராயிருந்த இந்தியர் ஸ்ரீனிவாஸ் குல்கர்ணியும், அவருடைய துணைவர்களும் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியின் மூலம் ஒரு துடிமீனைக் கண்டனர். (அப்பெருந்தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது.) 1937+21 என்ற எண்ணால் குறிக்கப்படும் அத்துடிமீன் சுழலுவது வினாடிக்கு 642 முறை! இங்கே துடி என்னும் உவமை தடுமாறுகிறது. வினாடிக்கு ஒன்றிரண்டு அடியாயின் பறையொலி போல் அடி அடியாகக் கேட்கும்; 642 அடியை ஒலியாக மாற்றினால் அடி தெரியாது. குழலில் பிடித்த ஒரே சுரம் போல் நீண்டு கேட்கும்.

வேகத்தை மட்டும் பார்த்தால் அது நண்டு மண்டலத் துடிமீனினும் இளையதாயிருக்க வேண்டும். ஆனால் இளமைக்குரிய அடையாளம் ஒன்றும் அதனிடம் இல்லை. சுற்றிலும் வெடிப்பின் எச்சம் இல்லை. அத்தகைய வேகத்தில் சுழலும் புதுத்துடிமீன் கொட்டவேண்டிய ஆற்றலும் தென்படவில்லை. வேகம் குழவியினுடையது, மற்ற குறிகள் எல்லாம் கிழவனுடையவை.

பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது தலைவராயிருந்தவர் வெ. இராதாகிருஷ்ணன். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனின் மகன் இவர். 1929இல் பிறந்து 2011இல் மறைந்தார். சந்திரசேகரின் தந்தையார் இராமனுக்குத் தமையனார். எனவே ஒருவர் பெரியப்பா மகன், மற்றவர் சித்தப்பா மகன். இராதாகிருஷ்ணன் படித்துப் பெற்ற டாக்டர் பட்டம் எதுவும் இல்லாதவர். பாய்மரப் படகில் கடல் கடப்பதில் பெருவிருப்புடையவர். துடிமீன் ஆராய்ச்சிக்கு அவர் புதியவரும் அல்லர். 1969இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைக் கொண்டு வேலா என்னும் துடிமீனை ஆராய்ந்து, அதன் கதிர்க்கற்றை காந்தமுனையிலிருந்து எழுகிறது என்னும் கருத்துக்கு வலுவான சான்று காட்டியவர் அவரே.

இராதாகிருஷ்ணனும் அவருடன் பணியாற்றிய ஜி. சீனிவாசனும் அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினர். அமெரிக்காவில் அல்பார், செங், ரூடர்மன், ஷாகாம் என்னும் நால்வரும் தனியே இதே முடிவுக்கு வந்து, அதே 1982இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். இதற்கு வித்திட்டவர்கள் என்று சோவியத் நாட்டு அறிஞர்கள் பிஸ்னோவாட்டி-கோகன், கோம்பர்க் ஆகிய இருவரையும் சொல்ல வேண்டும். 1974இலேயே அவர்கள் இவ்வழியில் எண்ணினர். ஒரு கருத்துக்கு ஒரே தந்தையைத் தேடுவது நம்மவர் வழக்கம். இங்கே அது பொருந்தாது.

அவர்கள் கூறியது இதுதான். விண்மீன்களுள் பல இரட்டைப் பிறவிகள்; ஒன்றையொன்று சுற்றி வருபவை. இரண்டில் பெரியது விரைவில் எரிந்து முடிந்து நியூட்ரான் விண்மீனாகிறது, துடிக்கிறது, ஓய்ந்து அடங்குகிறது. சிறியது மெதுவாக எரிவதால் நெடுங்காலம் கழித்தே முதுமை எய்துகிறது. முதுமையில் விண்மீன் உப்பும். உப்பிய மேற்பரப்பு தன் அடங்கிய துணையின் ஈர்ப்பு எல்லையை எட்டும்போது அதன் பொருள் ஒழுகி மற்றதன்மேல் விழத் தொடங்குகிறது.

விழும் பொருள் நேரே விழாது. இது நன்றாக விளங்கவேண்டிய இடம். இரண்டு மீன்களும் ஒன்றையொன்று சுற்றுவதால் ஒழுகும் வாயுவும் பக்கவாட்டு ஓட்டத்துடனேயே வருகிறது. ஆதலின் அது நியூட்ரான் விண்மீனைச் சுற்றிச் சுற்றி வட்டத்தட்டாகப் படிந்து, உரசி வெப்பமடைந்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, முடிவில் மேற்பரப்பைத் தொடுகிறது. தொடும்போது தன் சுற்றோட்டத்தையும் அதற்குக் கொடுத்துவிடுகிறது. கயிற்றால் விட்ட பம்பரம் சாயும் நேரத்தில் ஒருவன் சாட்டையால் அதன் விளிம்பை ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அடிக்கு அடி வேகம் ஏறும். வகுப்பில் இதைச் செய்து காட்டலாம். ஆனால் இந்தச் சாட்டையடி கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கிறது. ஞாயிற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு பொருள் விழுந்தாலே ஓய்ந்த மீன் வினாடிக்குப் பல நூறு சுழற்சியை எட்டிவிடும்.

விழுகின்ற பொருளில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை ரிங்லெட்வாசிகள் எளிதில் உணர்வர். அங்குள்ள சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரிநீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பேராக் பக்கம் இறங்கி, நிலத்தடியில் அமைந்த சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. உயரத்திலிருந்து தாழ விழுவதே அங்கும் ஆற்றலுக்குக் காரணம். ஆனால் நியூட்ரான் விண்மீனின் ஈர்ப்பு எத்தகையது தெரியுமா? அதன்மேல் ஒரே ஒரு கிலோ எடையுள்ள பொருள் விழுந்தால் வெளிப்படும் ஆற்றலைப் பெற, 100 மெகாவாட்டு மின்நிலையம் ஒன்று இரவு பகலாக ஐந்தாறு ஆண்டுகள் ஓட வேண்டும்! அதே ஒரு கிலோ ஹைட்ரஜன் ஞாயிற்றின் உள்ளே எரிந்து தரும் ஆற்றலைப்போல் இது இருபது முப்பது மடங்கு. இவ்வாற்றல் பெரும்பாலும் எக்ஸ்-கதிராக வெளிவருகிறது. காந்தமுனைகளின்மேல் பொருள் குவிந்து விழுவதால் அவ்விடங்கள் கொதித்து ஒளிரும். மீன் சுழலச் சுழல அந்த எக்ஸ்-கதிரும் துடிக்கும்.

அத்தகைய எக்ஸ்-கதிர்த் துடிமீன்கள் 1971ஆம் ஆண்டு முதலே தெரிந்தவை. கென்யக் கடற்கரையிலிருந்து 1970 டிசம்பர் 12ஆம் நாள், அந்நாட்டின் விடுதலை நாளன்று, ஏவப்பட்ட உஹுரு என்னும் துணைக்கோள் அவற்றைக் கண்டது. (சுவாகிலி மொழியில் உஹுரு என்றால் விடுதலை.) சென்டாரஸ் மண்டலத்தில் உள்ள ஒன்று 4.8 வினாடிக்கு ஒரு முறை துடிக்கிறது; தன் துணையை இரண்டு நாளில் சுற்றுகிறது; அதன் வேகம் ஏறிவருவதும் அளக்கப்பட்டது. சாட்டையடி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே முதற்சான்று. ஆயினும் 4.8 வினாடி எங்கே, 642 சுழற்சி எங்கே! இந்த வேற்றுமைக்குக் காரணம் காந்தம். வலிய காந்தப்புலம் உள்ள மீன், வட்டத்தட்டைத் தொலைவிலேயே தடுத்து நிறுத்திவிடும். தொலைவில் ஓட்டம் மெதுவானது. மீனும் அம்மெதுவான ஓட்டத்துக்கு மேல் விரைய இயலாது. காந்தம் மெலிந்த மீனிடமோ தட்டு மிக அருகே வந்து அதிவேகத்தில் சுற்றும். எனவே 1937+21 என்னும் துடிமீனின் காந்தம் மிக மெலிந்திருக்க வேண்டும். மெலிந்திருப்பின் அது ஆற்றலைக் கொட்டுவதும், வேகம் தளர்வதும் மிகமிகச் சிறிதாகவே இருக்க வேண்டும். பின்னர் அளந்து பார்த்தபோது அவ்வாறே இருந்தது.

இக்கருத்துக்கு எதிராக எழுந்த கேள்வியும் எளிதானது அன்று. துணைமீனிடமிருந்து பொருள் பெற்று வேகம் கொண்டது என்றால் அத்துணை எங்கே? 1937+21 தனியாக அன்றோ நிற்கிறது! 1983இல் கண்ட இரண்டாவது அதிவேகத் துடிமீனுக்குத் துணை இருந்தது; 117 நாளுக்கு ஒரு முறை அதனைச் சுற்றியது. அதனால் ஓரளவு ஆறுதல் கிடைத்தது. 1988இல் கண்ட மற்றொன்று தனிமைக்கும் காரணம் காட்டியது. வினாடிக்கு 622 முறை சுழலும் அத்துடிமீன், தன்னைச் சுற்றிவரும் மெலிந்த துணையைத் தன் கதிர்வீச்சால் சுட்டு ஆவியாக்கிக்கொண்டிருக்கிறது. இணைந்த ஆணைத் தின்னும் ஒருவகைச் சிலந்தியின் பெயரால் 'கரும் விதவை' என அதற்குப் பெயரிட்டனர். பெயர் நமக்கு உவப்பானதன்று, செய்தி உண்மை. ஊட்டி வளர்த்த துணையையே இறுதியில் இல்லாமற் செய்யும் வழி ஒன்று உண்டு.

ஆயினும் பொருள் விழுந்துகொண்டிருக்கும் நிலையிலேயே நூற்றுக்கணக்கில் சுழலும் மீன் ஒன்றைக் காணும்வரை இது கருத்தாகவே இருந்தது. பதினாறு ஆண்டுகள் தேடினர். 1998 ஏப்ரலில் ரோஸி என்னும் அமெரிக்கத் துணைக்கோளின் அளவுகளில் விஜ்னண்ட்ஸ், வான் டர் கிளிஸ் என்னும் டச்சு அறிஞர் இருவரும் அதைக் கண்டனர். தனுசு மண்டலத்தில் உள்ள அந்த எக்ஸ்-கதிர் மீன் வினாடிக்கு 401 முறை துடித்தது. துணை அதனைச் சுற்ற இரண்டு மணி நேரமே பிடித்தது. சாட்டையும் பம்பரமும் ஒருங்கே அகப்பட்டன.

அடுத்தது இன்னும் சுவையானது. பொருள் விழும்போது எக்ஸ்-கதிரில் துடிப்பதும், விழுவது நின்றபின் வானொலியில் துடிப்பதும் ஒரே மீன்தான் என்றால், ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு அது மாறும் தருணம் ஒன்று உண்டல்லவா? அதனைக் காண முடியுமா? தனுசு மண்டலத்து விண்மீன்களை மேல்நாட்டார் தேநீர்க் கெண்டியின் வடிவாகக் காண்பர். தேயிலை மலையில் இருப்போர்க்கு அதைவிடப் பொருத்தமான அடையாளம் வேண்டுவதில்லை. அக்கெண்டியின் மூடிக்கு அருகில் மெசியே 28 என்னும் விண்மீன் திரள் உள்ளது. அங்கே முன்பே வானொலியில் கண்டிருந்த துடிமீன் ஒன்று 2013 மார்ச்சில் திடீரென எக்ஸ்-கதிரில் எரிந்தது. அதே 3.9 மில்லிவினாடித் துடிப்பு, அதே சுற்றுக்காலம். எரிச்சல் அடங்கிய சில வாரங்களில் மீண்டும் வானொலி எழுந்தது. அலெசாண்ட்ரோ பாபிட்டோவும் குழுவினரும் அவ்வாண்டிலேயே இதை வெளியிட்டனர்.

மறுதிசையில் நிகழ்ந்த மாற்றத்தைப் பிடித்தது இந்தியத் தொலைநோக்கி. புனேக்கு வடக்கே கோடாட் என்னும் சிற்றூரைச் சுற்றி, 45 மீட்டர் அகலமுள்ள முப்பது வானொலித் தட்டுகள் பரந்து நிற்கின்றன. சென்டாரஸ் மண்டலத்தில் பொருள் விழுந்துகொண்டிருந்த மீன் ஒன்று 2012இன் இறுதியில் தட்டை இழந்து அடங்கியது. ஜயந்த ராய், பாஸ்வதி பட்டாச்சார்யா முதலியோர் புனே நிலையத்தின் தட்டுகளை அப்பக்கம் திருப்பிக் கேட்டபோது, 2014இல், 1.69 மில்லிவினாடித் துடிப்பு தெளிவாக வந்தது.

ரிங்லெட்டின் உச்சியைக் கடப்பது மூன்றாவது மீன். எண் 1023+0038. சிம்மத்து மகம் என்னும் ஒளிமிக்க மீனுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பாகை தெற்கே அது உள்ளது. சித்திரை பிறக்கும் வாரத்தில் இரவு பத்து மணியளவில், மஞ்சு விலகியிருந்தால், ரிங்லெட்டில் நிற்பவர் தலையை நேரே மேலே நிமிர்த்தினால் போதும். உச்சியிலிருந்து நான்கு பாகைக்குள் அது இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 4,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மங்கிய மீன். 2001இல் அதைச் சுற்றி வட்டத்தட்டு இருந்ததற்கான ஒளிக்குறிகள் பதிவாயின. சில ஆண்டுகளில் தட்டைக் காணவில்லை. 2007இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி அங்கே வினாடிக்கு 592 முறை துடிக்கும் வானொலி மீனைக் கண்டது. 2013 ஜூனில் வானொலி மறைந்து தட்டு திரும்பி வந்தது. 1.69 மில்லிவினாடிக்கு ஒரு சுழற்சி, 4.75 மணிக்கு ஒரு முறை துணையின் சுற்று. இவ்விரு கணக்கும் மாறாமல் இருக்க, மீன் மட்டும் முகத்தை மாற்றி மாற்றிக் காட்டியது.

இத்துடிமீன்களுக்கு இப்போது வேறொரு வேலையும் வந்திருக்கிறது. மெலிந்த காந்தத்தால் இவற்றின் வேகம் தளர்வதே அரிதாகையால், இவை மிகச் செம்மையான கடிகாரங்கள். பல துடிமீன்களின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் ஒருங்கே கவனித்து, வெளியையே அசைக்கும் ஈர்ப்பலைகள் நம்மைக் கடந்து செல்வதற்கான சான்றை 2023 ஜூனில் பல நாட்டுக் குழுவினர் வெளியிட்டனர். புனே தொலைநோக்கியைக் கொண்டு உழைத்த இந்தியக் குழு அவற்றுள் ஒன்று. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தாரும் அதில் உண்டு.

ஒரு புதிர் மட்டும் நிற்கிறது. சாட்டையடி தொடர்ந்தால் வேகம் எதுவரை ஏறும்? நியூட்ரான் விண்மீன் வினாடிக்கு ஆயிரம் சுழற்சிக்கு மேலும் சிதறாமல் தாங்கும் என்கிறது கணக்கு. ஆனால் இதுகாறும் உறுதியாகக் கண்டவற்றுள் மிக வேகமானது, 2004இல் தனுசு மண்டலத்து டெர்சான் 5 என்னும் திரளில் அகப்பட்ட, 716 முறை சுழலும் துடிமீனே. அதன் நடுக்கோட்டில் ஒரு புள்ளி வினாடிக்கு 45,000 கிலோமீட்டருக்கும் மேலாக ஓடுகிறது. அதற்கு மேல் ஏன் ஏறவில்லை? உருண்டை சற்றே கோணலாக இருப்பின் சுழற்சியின் ஆற்றல் ஈர்ப்பலையாக வடிந்துவிடும் என்பர் ஒரு சாரார். வட்டத்தட்டும் காந்தமும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதே காரணம் என்பர் மற்றொரு சாரார். ஆயிரத்தைக் கடந்த துடிமீன் ஒன்று அகப்பட்டால் இரு சாராரும் தம் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கான தேடல் நடந்துகொண்டிருக்கிறது.